கைப்பை

வேகாஸில் வானம் இரண்டு.
ஒன்று வெளியே,
கார்க் கதவைத் தொட்டவன் கையை உதறும் ஜூலை.
மற்றது விடுதிக்குள், கூரையில் பூசியது.
அங்கே எந்நேரமும் சாயங்காலம் ஆறு மணி.
அதன் அடியில் ஓடிய வாய்க்காலில்
படகோட்டி இத்தாலிய மொழியில் உருகிப் பாடினான்.
"எந்த ஊர் தம்பி?" என்றாள் டெல்ஃபின்.
"ஃப்ரெஸ்னோ" என்றான்,
துடுப்பை நிறுத்தாமல்.

மறுநாள் அணைக்கட்டு.
பாறைச் சுவர் நெடுக வெள்ளைப் பட்டை,
தண்ணீர் ஒரு காலத்தில் நின்ற உயரம்.
சுற்றுலாப் பேருந்தே வாயடைத்து நிற்க,
"குளித்துவிட்டுத் தொட்டியைக் கழுவாமல் போகிறவர்
எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு" என்றாள்
பக்கத்து இருக்கைப் பெண்ணிடம்.
அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.
நான் அணையைப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறேன்:
முதல் இரவே, அவள் தூங்கிய பிறகு,
மூன்று செர்ரிப் பழங்களுக்காக
நூற்று நாற்பது டாலர் விட்டேன்.
காலையில் வாஃபிளுக்குப் பாகு ஊற்றியபடி
அறுபது என்றேன்.
"அவ்வளவுதானா?" என்றாள்.
ட்வின் ஃபால்ஸ் நிலப்பதிவு அலுவலகத்தில்
இருபத்தாறு வருடம் வேலை பார்ப்பவள்.
யார் வேலி யார் நிலத்தில் எத்தனை அடி நுழைந்தது என்று
காகிதத்தை முகர்ந்தே சொல்வாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் மாயாஜாலக் காட்சி.
பாதி விலைச் சீட்டு, பாதி நிறைந்த அரங்கம்,
முழங்கை தேய்ந்த கோட்டில் ஒரு வித்தைக்காரர்.
புறா வந்தது. சீட்டுக்கட்டு மழையாய்க் கொட்டியது.
பிறகு வெளிச்சம் வரிசை வரிசையாகத் தேடி வந்து
எங்கள் மேல் நின்றது.
"நீல ஸ்வெட்டர் அம்மணி!"

பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கக்கூட மறுத்தவள்
எழுந்தாள்.
கைப்பையை என் மடியில் வைத்தாள்.
அலமாரிக்குள் போனாள், கதவு மூடியது,
அவர் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தார்.

பலகை.
வெறும் பலகை.

எல்லோரும் கைதட்டினார்கள்.
என் இரண்டு கைகளும் பையின் மேல் இருந்தன.
அப்போது பை அதிர்ந்தது,
உள்ளே தொலைபேசி.
நிறுத்தத்தான் திறந்தேன்:
காப்பிக்கடையில் சுருட்டிய சர்க்கரைப் பொட்டலங்கள்,
என் ரத்த அழுத்த மாத்திரை,
துணிநாப்கினில் பொதிந்த ஒரு பன்,
திரையில் மகள் பெயர்.
எடுத்தால் கேட்பாள், அம்மா எங்கே என்று.
நான் என்ன சொல்ல?
அதற்கும் கீழே, நான்காக மடித்து,
பண இயந்திரத்தின் ரசீது.
இரவு ஒன்று இருபத்தேழு.
நூற்று நாற்பது.

தொலைபேசி தானே ஓய்ந்தது.
முப்பத்தொரு வருடத்தில் அவள் எங்கே என்று
தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது
அந்த நாற்பது விநாடிதான் என்று நினைக்கிறேன்.
ஐம்பதாகவும் இருக்கலாம்.

அரங்கின் பின்கதவில் மறுபடி வெளிச்சம்.
அங்கே நின்றாள்,
முழங்கையில் கறுப்புச் சாயம் ஒட்டியிருக்க,
அரசியைப் போல் கையசைத்துக்கொண்டு.

"எப்படிப் போனாய்?"
"சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்."
"என்னிடம்கூடவா?"
"உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்லக்கூடாதாம்."

இரவு நீரூற்றுக் காட்சிக்குக் காத்திருந்தபோது
ஆரம்பித்தேன்: "அந்த அறுபது டாலர்..."
"ஷ்" என்றாள்.
தண்ணீர் எழும்பியது, பத்து மாடி உயரம்.
அவள் முகம் நனைந்ததே தவிர
அதில் ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில், ஐடஹோ எல்லைக்குச் சற்று முன்,
பெட்ரோல் போட இறங்கினோம்.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு இயந்திரம்.
டெல்ஃபின் கை நீட்டினாள். ஒரு டாலர் கொடுத்தேன்.
எலுமிச்சை, மணி, எலுமிச்சை.

"நூற்று நாற்பத்தொன்று" என்றாள்,
காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு.
கறை இன்னும் முழங்கையில் இருந்தது.
பன்னைப் பிட்டுப் பாதியை நீட்டினாள்.