வெற்றுத் தட்டு

உத்திராடம் விடிய இன்னும் நாலு மணி நேரம்.
மீனாட்சிபுரம் செக்போஸ்டில்
பதினாலு பால் டேங்கர்கள்
இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன,
அணைத்தால் பால் திரிந்துவிடும் என்பதுபோல.

தற்காலிக ஆய்வகம் என்று வெளியே பலகை.
உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு,
முப்பத்தேழு டிகிரியில் முணுமுணுக்கும் பெட்டி,
வாடகை பிரிட்ஜில்
யாரோ வைத்துவிட்டுப் போன புளியிஞ்சி.

தண்ணீர், யூரியா, சோப்புத்தூள்
எல்லாம் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொள்ளும்.
நுண்ணுயிர் அப்படியில்லை.
அதைப் பேசவைக்க
முதலில் சோறு போட வேண்டும்.

மண்டபத்துக் கடலில் முங்கிப் பறித்த பாசி
பொடியாகி டப்பாவில் வந்திருக்கிறது.
கரைத்து, வேகவைத்து,
கன்னம் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும்
தட்டில் விடுகிறேன்.
அடியில் ஒரு மில்லி,
ஆயிரத்தில் ஒரு பங்காய் நீர்த்த பால்.
லைசென்சுக்குப் போடுவதுபோல் எட்டுப் போடுகிறேன்.
உறைகிறது.

ஒரு தட்டில் மட்டும் பால் கிடையாது.
அதில் எதுவும் முளைக்கக் கூடாது.
மற்ற தட்டுகள் பொய் சொல்லவில்லை என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

பல்லடத்து வண்டி ஆறுச்சாமி
கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்:
"ஏனுங் அம்மணி, நீங்க எந்தப் பக்கம்?
தமிழ் நல்லா வருதே."

"வேலந்தாவளம்" என்றேன்.
"ரேஷன் கார்டு கேரளா.
சண்டை போடறது தமிழ்ல."
ஷஹர்பானு மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
நானும்தான்.
வெற்றுத் தட்டின் மூடி அப்போது என் கையில் இருந்தது.

பால் தேறியது. ரசீதில் சீல்.
மூன்று மணிக்கு வண்டி திருச்சூர் பார்த்துப் போனது.

பாலுக்குத்தான் அவசரம்.
பாலில் இருப்பதற்கு
நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும்.
அதற்குள் பால் பாயசமாகி
இலையில் பழத்தோடு பிசைபட்டு
முழங்கை வரை ஒழுகி
கை கழுவி
ஊஞ்சலுக்குப் போயிருக்கும்.

அவிட்டத்தன்று இருட்டோடு பெட்டியைத் திறந்தேன்.
ஆறுச்சாமியின் தட்டு நிறைய ஊசிமுனைகள்,
ரவையைக் கொட்டியதுபோல.
'எண்ண இயலாது' என்று எழுதப் படிவத்தில் இடமுண்டு.
எண்ண இயலாது என எழுதப்போய்
'எண்ண' வரைக்கும் எழுதிவிட்டேன்.
அப்புறம்தான் வெற்றுத் தட்டு கண்ணில் பட்டது.

ஓரமாக, ஒன்றே ஒன்று.
மஞ்சள். பளபளப்பு.
கடுகில் பாதி.

'வே'யில் தெறித்ததா,
'தா'வில் நாக்கு பல்லைத் தொட்டபோதா,
இல்லை அந்தச் சிரிப்பா.
சொல்லி முடித்ததும் நான் மறந்த ஊர்ப்பெயர்
இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட்டுக்
கோடியாகப் பெருகியிருந்தது.

"காற்றாயிருக்கும், லாரிப் புழுதி" என்றார் மேடம்.
இருக்கலாம்.
ஆனாலும் அவருடைய சட்டத்தில் இளக்கம் கிடையாது:
வெற்றுத் தட்டு முளைத்தால்
அந்த ராத்திரி மொத்தமும் செல்லாது.
பதினாலு வண்டிகளுக்கும் நேராக
ரத்து, ரத்து என்று எழுதிக்கொண்டே வந்தேன்.
ஆறுச்சாமியின் வரியில்
'எண்ண' என்பதை அடித்து
மேலே எழுத வேண்டியிருந்தது.

தட்டுகளை அழுத்தப் பானையில் அடுக்கினேன்.
பதினைந்து நிமிடம்.
வேகும்போது எலும்புச் சாறு வாசனை வரும்.
மற்ற நாளில் பசிக்கும்.
மஞ்சள் புள்ளியைக் கடைசியாக வைத்தேன்,
வேறு காரணமில்லை,
அது கடைசித் தட்டு.

சதயத்தன்று ராத்திரி அதே வண்டி.
புதுப் பால். அதே கதவு.
விளக்குச் சுடருக்குப் பக்கத்தில்
தட்டு திறந்திருக்கிறது.
"போன நடைப் பால் எப்படிங் அம்மணி?"

மூடியைப் போட்டேன்.
அப்புறம் வாயைத் திறந்தேன்.