கை ஆ

பரேல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது தூணில்
இந்தியிலும் மராத்தியிலும் ஒரு தாள்:
கன்னத்தில் கட்டி, இன்னும் கத்தி படாதவர்கள்
அறை நாற்பத்தாறில் விசாரிக்கவும்.
அதன் மேலேயே எவனோ
சுண்ணாம்பு விரலைத் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

ட்ரையல் என்றதும் எனக்குக் கோர்ட்தான் தோன்றியது.
பிறகு எங்கள் டெப்போ.
புது வண்டி வந்தால் நாலு நாள்
ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்போம்.
இசக்கியம்மாளை ஏற்றாமல்
இதை எப்படி ஓட்டிப் பார்ப்பார்கள்?

டாக்டர் சோலாப்பூர்ப் பெண்.
இரண்டு ராத்திரி டூட்டி கண்ணுக்குக் கீழே கிடந்தது.
கட்டியை எடுத்துவிடுவோம், அதில் பேச்சில்லை,
கழுத்து நெறிகளைத்தான் பார்க்கிறோம்,
பாதியில் நிறுத்தினால் போதுமா,
காறை எலும்பு வரை வழிக்க வேண்டுமா.
எது நல்லது, என்றேன்.
தெரியாது, என்றாள்.
இருமலுக்குக்கூடத் தெரியாது என்று சொன்ன டாக்டரை
நான் அதுவரை பார்த்ததில்லை.

தமிழிலும் படிவம் இருந்தது, பதினொரு பக்கம்.
'பங்கேற்பாளர் கை அ அல்லது கை ஆ-வில் சேர்க்கப்படுவார்.'
இசக்கி உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.
இரண்டு விரல் நுழையும் அளவே திறக்கும் வாயால்,
"நோவு கன்னத்துலல்லா இருக்கு,
கையை எதுக்குக் கேக்காவ?"

கை என்றால் பிரிவு.
கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும்,
டாக்டருக்கும் முன்னாலேயே தெரியாது.
"அப்ப சீட்டுக் குலுக்குதாவ" என்றாள்.
"ஏலச்சீட்டுல எனக்கு எப்பமும் கடைசி மாசந்தான் விழும்."

செம்பூர் மச்சான் போனில் கத்தினார்,
எலியாக்கப் பாக்கானுவ, கூட்டிட்டு வந்துரு.
அவள் போனை வாங்கினாள்:
"எலிகிட்ட எவன்ணே பதினோரு பக்கத்துல
கையெழுத்து வாங்குவான்?"

எட்டாம் பக்கத்தில் ஒரு வரி.
எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகலாம்.
அன்று ராத்திரி அதை மட்டும் ஆறு தடவை படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்:
எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா?
எத்தனை நாளைக்கு? பதினைந்து வருஷம்.
எங்கே? மைனஸ் எண்பது டிகிரியில்.
அது மே மாசம்.
தாராவியில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
மாவு பத்து மணிக்கே பொங்கி வழிந்தது.
"எங்கூட இருந்ததுலயே அதுக்குத்தான் சொகமான பொழப்பு"
என்று டிக் போட்டாள்.
சிரிக்கப் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நூற்றுப் பதினேழு. கை ஆ. பாதியில் நிறுத்துவது.
அப்பாடா என்று இருந்தது.
பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள்
அந்த மீதிப் பாதியை நினைத்து வயிறு கலங்கியது.

நூற்றுப் பதினெட்டு, ஜல்காவ் மந்தாபாய். கை அ.
அதே பக்கக் கன்னம், அதே வார்டு, அடுத்த கட்டில்.
ஒருத்திக்கு இந்தி வராது, ஒருத்திக்குத் தமிழ் வராது,
மூக்கில் குழாயோடு இருவருக்குமே பேச வராது.
டிஸ்சார்ஜ் அன்று ஒரே தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைப்
பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாசம் செக்கப்.
பிசியோதெரபி அறையில் சொன்னார்கள்,
கையைத் தூக்குங்க.
இசக்கியின் கை காதைத் தாண்டிப் போனது.
மந்தாபாயின் கை தோளுக்கு வந்து நின்றது,
சிவப்பு விழுந்த வண்டி மாதிரி.

வெளியே வந்து வெகுநேரம் சும்மா இருந்தாள்.
பிறகு, "அந்தப் படிவக்காரன் சரியாத்தான் எழுதிருக்கான்.
கையைத்தான் கேட்டிருக்கான்."

டாக்டரிடம் கேட்டேன், அப்படியானால் ஆ-தானே நல்லது?
நானூறு பேர் சேரணும்,
மூன்று வருஷம் போகணும் என்றாள்.
விட்டு வைத்ததில் ஏதும் முளைக்கிறதா என்று
மூன்று மாசத்துக்கு ஒருதரம் விரல் வைத்துப் பார்க்கிறாள்.
அந்த விரல் கழுத்தில் நகரும்போது
நான் சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம்.
அது என் வண்டி இல்லை, டிக்கெட் எடுத்தேன்.
இசக்கி மேல் கம்பியை எட்டிப் பிடித்தாள்.
பக்கத்தில் மந்தாபாய் தாதர் ஸ்டேஷன் வரை
கம்பியை விட்டுவிட்டு
இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.