அந்த இடம்

நோய் எந்த இடத்தில் என்றாள் சீட்டு எழுதுகிற பெண்.
வயிறு என்றார்.
பிறகு தொடை என்றார்.
வரிசை பின்னாலிருந்து நெருக்கியது.
நான்தான் குனிந்து
"அந்த இடம்மா" என்றேன்.
பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள்,
கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஒன்றரை வருஷம்
தன் கோவணத்தைத் தானே துவைத்துக்கொண்டார்,
ராத்திரியில், மாட்டுத் தொட்டியடியில்.
குவாரியில் எவளோ இருக்கிறாள் என்று
அரிசி களையும்போதெல்லாம்
அவளுக்கு ஒரு முகம் செய்து பார்த்தேன்.
பல் கொஞ்சம் எடுப்பாக, மூக்குத்தி இரண்டு பக்கமும்.
பிறகு வாடை வந்தது.
எலி செத்துக் கிடக்கிறதென்று பானைகளை நகர்த்தித் தேடினேன்.
அவரும் கூடவே தேடினார்.

மூன்றாம் நாள் விளக்கை எடுத்துவந்து
பேசாமல் வேட்டியை விலக்கினார்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆந்திரா.
வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் அட்டை தெலுங்கு.
பாலாற்றில் தண்ணீர் வந்தால் மூன்று நாள் பஸ் கிடையாது,
வராத வருஷங்களில் மணலில் நடக்கலாம்.
சுகாதார நிலையத்தில்
மகள் வயசில் ஒரு நர்ஸம்மா.
காய்ச்சல் என்று சொல்லி
காய்ச்சல் மாத்திரையோடு திரும்பியிருக்கிறார், நான்கு முறை.
மெடிக்கலில் படர்தாமரைக் களிம்பு.
பைக்கில் வருகிற ஊசிக்காரன்
வேட்டியை அவிழ்க்கச் சொல்லாமலே ஊசி போட்டான்.
அதற்காகவே அவனுக்கு இருநூறு.

வேலூர் டாக்டர் நல்ல மனுஷன், திட்டத்தான் செய்தார்.
பயறளவு இருக்கையில் வந்திருந்தால்
தோலோடு போயிருக்கும்.
தோல் பின்னால் போகுமா,
சின்ன வயசிலிருந்தே இப்படியா என்று கேட்டார்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்,
நான் கேட்டதில்லை.
இவர் மின்விசிறிக்குப் பதில் சொன்னார்.
கவட்டியில் நெறி கட்டியிருக்கிறதா என்று
அவர் கை வைத்து அழுத்தியபோது
வெடிக்குத் திரி பற்றவைத்தவன் போலக்
கண்ணை இறுக்கிக்கொண்டார்.

காப்பீட்டு அட்டை அந்த மாநிலத்தது,
இங்கே எழுத முடியாது என்றார்கள்.
இரண்டு ஆடு விற்றோம்.
மூன்றாவது சினை.
அதையும் விற்றோம்.

பாதியை எடுத்தார்கள்.
உட்கார்ந்துதான் ஒன்றுக்குப் போகிறார் இப்போது.
பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் ஆண்கள் வரிசையாய் நிற்க
என்கூடவே நடந்து
ஐந்து ரூபாய் கொடுத்துக் கழிப்பறைக்கு வருகிறார்.
"இதுக்குத்தான் நீங்கல்லாம் தண்ணியே குடிக்கறதில்லையா" என்றார் ஒரு நாள்.
சிரித்துவிட்டேன். பிறகு அவரும்.

நேற்று விளக்கு வைத்ததும்
குவாரி மேஸ்திரி தொட்டப்பன் வந்தான்.
மாட்டைப் பற்றிப் பேசினான், டீசல் விலையைப் பற்றி.
எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே
"எந்த பஸ்ல போனீங்க?"

இவர் ஒன்றும் கேட்கவில்லை.
"அஞ்சு நாப்பது. பதினாலாம் நம்பர் ரூம்.
வியாழக்கெழம போ.
எந்த இடம்னு கேப்பா ஒரு பொண்ணு.
வாயத் தொறந்து சொல்லிடு."

சொல்லியும் காட்டினார் அந்தச் சொல்லை,
சத்தமாக,
அடுப்படியில் நான் இருப்பது தெரிந்துதான்.