ஒன்று முதல் ஐந்துக்குள்

டப்போ ரயில் நிலையம். மடிமேல் பை,
பைமேல் படிவம்.
நான்கு வார கிளினிக்கல் நேற்றோடு சரி.
சிட்னி வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

'வார்டு என்னை வரவேற்றது.'

முதல் நாள், காலை ஏழு மணிக் கைமாற்றம்.
எட்டு நாற்காலி, ஒன்பது பேர்.
"இன்றைக்கு ஸ்டூடண்ட் யாரோடு?"
யாரும் நிமிரவில்லை.
ஏலத்தில் கேட்பாரற்ற பித்தளைக் குடமாக
குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்றேன்.
மூன்று.

'என் பெயர் சொல்லி அழைத்தார்கள்.'

அட்டையில் நிறைமதி என்றுதான் இருக்கிறது,
ஸ்டூடண்ட் என்பது அதைவிடப் பெரிய எழுத்தில்.
தரை துடைக்கும் லூசியானோ மட்டும்
இரண்டு நாள் வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு
மூன்றாம் நாள் முழுசாகச் சொன்னார்,
றகரம் கொஞ்சம் வழுக்கியது.
அவரைக் கணக்கில் சேர்க்கலாமா?
சேர்த்தேன். நான்கு.

'கேள்வி கேட்கத் தயக்கம் இருக்கவில்லை.'

கெய்லீயிடம் கேட்கலாம். அவளுக்குச் செவ்வாயும் வியாழனும்தான் ஷிஃப்ட்.
மற்ற நாள் கேள்விகளை
உள்ளங்கையில் பேனாவால் குறித்துவைத்தேன்.
கழுவக் கழுவ, நாளுக்கு அறுபது தரம்,
கேள்விகள் சாக்கடைக்குப் போயின.
இரண்டு.

'செய்து பழகப் போதிய வாய்ப்பு.'

பதினான்காம் படுக்கை ஹாலரன்,
ஆட்டுமயிர் கத்தரித்தே கூன் விழுந்தவர்.
வயிற்றில் போடும் ஊசி. "பழகுகிறவள் வேண்டாம்."
சனிக்கிழமை அவரே சட்டையைத் தூக்கினார்:
"குத்து. என் முதல் ஆட்டை நான் கிழித்த கிழிப்பு
உனக்குத் தெரியாது."
குத்தினேன். முடிந்ததா என்று கேட்டார்,
முடிந்து அரை நிமிடம் ஆகியிருந்தது.
ஐந்து.
இல்லை, நான்கு. ஒரே ஒரு ஊசிதானே.

ஒன்பதாம் படுக்கை பற்றிக் கேள்வி இல்லை.
திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை.

புதன் விடியலில் மிஸஸ் பெக் போய்விட்டார்.
யாருக்கோ பதில் கெய்லீ வந்திருந்தாள்.
சிம்ரத் தண்ணீர் பிடித்தாள், வெதுவெதுப்பாக.
அதற்கு அவசியமில்லை என்று யாரும் சொல்லவில்லை.
விரல்களில் ஆரஞ்சு நெய்ல் பாலிஷ், பாதி உரிந்தது.
"இப்போது உங்களை இடப்பக்கம் திருப்பப்போகிறோம், மிஸஸ் பெக்,"
கெய்லீ சொன்னாள், இறந்தவரிடமே.
பிறகு துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.
வலப்பக்கம் திருப்ப வேண்டி வந்தபோது
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நானே சொன்னேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்று
சிம்ரத் பிறகு கேட்டாள்.

'பிற கருத்துகள்.' இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
தண்டவாளத்துக்கு அப்பால் கலா கிளிகள்
ஏதோ சண்டையில் இருக்கின்றன.

எழுதினேன்:
கைமாற்ற அறைக்கு
இன்னும் ஒரு நாற்காலி தேவை.