அடிக்கு இவ்வளவு

எச்சில் என்றால் கேவலம் என்றுதான் நினைத்திருந்தேன்
முப்பத்து மூன்று நாள் கதிர் வாங்கும்வரை.
இப்போது ஒரு பன்னை விழுங்க ஒரு சொம்புத் தண்ணீர்.
ராத்திரி மூணு தடவை எழுந்து
மேலண்ணத்திலிருந்து நாக்கைப் பிரித்தெடுக்கிறேன்,
சுவரில் காய்ந்த போஸ்டரை உரிப்பதுபோல.

அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரி. நிலத்தடித் தளம்.
"பேருங்க?"
"அர்த்தநாரிங்க. திருச்செங்கோடு. ரிக் வண்டி ரெண்டு ஓடுது."
கோகிலவாணி என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
நரம்பு தேடி ஊசி போட்டாள்.
டெக்னீசியமாம்.
உயிருள்ள சுரப்பி இதை இழுத்துக்கொள்ளுமாம்,
மேலே தொங்கும் காமிரா அதை எண்ணுமாம்.
"அரை மணி நேரம் அசையாதீங்க."

நானும் காமிரா இறக்கியிருக்கிறேன்.
ஆறரை இஞ்சுக் குழிக்குள் விளக்கோடு ஒயரை விட்டு
நானூறு அடியில், எழுநூறு அடியில்
பாறை எங்கே விட்டிருக்கிறது, கசிவு எந்தப் பக்கம் என்று
தோட்டத்துக்காரர்களுக்கு டிவியில் காட்டியிருக்கிறேன்.
அவர்கள் டிவியைப் பார்க்கமாட்டார்கள்.
என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நான் கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு கண்ணை மட்டும் திருப்பித் திரையை.
கழுத்தடியில் தைராய்டு, விரித்த ரெண்டு சிறகு.
இடது காதடியில் ஒரு வெளிச்சம், மஞ்சக்கிழங்கு அளவுக்கு.
தாடைக்குக் கீழே இன்னொன்று, சின்னது.
வலது காதடியில்
கரண்ட் போன காடு.

சிகிச்சைக்கு முன் எடுத்த படம் பக்கத்திலேயே இருந்தது.
அதில் நாலும் எரிகிறது.
அன்றைக்கு எனக்கு இப்படி நாலு இருப்பதே தெரியாது.

இருபதாவது நிமிஷம் எலுமிச்சைச் சாறு.
சிரிஞ்சில் எடுத்து நாக்கில் விட்டாள்.
புளித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
இடது பக்கத்துக் கோடு சரசரவென்று இறங்கியது,
இருந்ததை வாயில் கொட்டிவிட்டது.
வலது பக்கத்துக் கோடு
தாராபுரம் ரோடு மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

காங்கயத்துக்குக் கிழக்கே தெய்வாத்தாள் காட்டில்
ஆயிரத்து நூத்தி நாப்பது அடி, அத்தனையும் புகை.
எருமை விற்ற காசு மடியில்.
"இன்னொரு நூறடி போடுங்க தம்பி" என்றாள்.
போட்டேன். அதுவும் புகை.
தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு,
பில் எழுதி, கம்பியெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தோம்.
அதில் தப்பில்லை. எல்லா வண்டிக்கும் அதுதான் ரேட்.

"அம்மிணி, இன்னுங் கொஞ்சம் லெமன் ஊத்திப் பாருங்க.
ஒரே ஒரு தடவை."
சொன்ன பிறகுதான் குரல் யாருடையது என்று தெரிந்தது.

முறையில் இல்லாததுதான். ஊற்றினாள்.
ரெண்டு பேரும் பார்த்தோம்.
ஒரு நூல் சரிந்தது.
"அது வெறும் ஆட்டமுங்க," என்றாள், "எறக்கமில்லீங்க."

ஒரு வருஷம் போகட்டும், கொஞ்சம் திரும்பும்,
அதுவரைக்கும் இடது பக்கம் தாங்கும் என்றார் டாக்டர்.
"மலைமேல இருக்கறவரு பேரை வெச்சதுக்கு
வாயிலயும் பாதிப் பாதியாக்கும்" என்று
பூங்கோதை சிரித்துக்கொண்டே ரசஞ்சோற்றைப் பிசைந்தாள்.
கண் சிரிக்கவில்லை.

கன்னிவாடியிலிருந்து போன்.
"அண்ணா, தொள்ளாயிரம் தாண்டிருச்சு. புகைதான். நிறுத்திரட்டுமா?"
"தோட்டத்துக்காரர் என்ன சொல்றாரு?"
"உங்களைக் கேக்கச் சொல்றாருங்."

ஒரு வாய் சிறுவாணித் தண்ணீர்.
இடது கன்னத்தில் வைத்திருந்து
மெதுவாக வலது கன்னத்துக்குத் தள்ளினேன்.
போனில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.