விசிறிச் சத்தத்துக்காகக் கொடுத்தது

விசிறி இரைகிறது, அதை மட்டும் பாருங்கள் என்றுதான்
ரூவியில், பணமாற்றுக் கடைக்குப் பின்சந்தில்
ஸபீரிடம் கொடுத்தேன், வியாழக்கிழமை.
சனிக்கிழமை வாங்கும்போது
மூடியைத் துடைத்துக்கூட வைத்திருந்தான்.
"ஏதோ கறுப்புத் திரை வந்தது பாயி,
ரெண்டுல எது வேணும்னு கேட்டது.
நான் புதுசா ஒண்ணே போட்டுட்டேன்.
ஆன்டிவைரஸ் ஃப்ரீ."
ஐந்து ரியால்.

திறந்தால் யாருடையதோ ஒரு பச்சைக் குன்று.
வலது கீழ் மூலையில்
உரிமம் இல்லை என்று மங்கலாக ஒரு வரி.
என் பெயர் இருந்த இடத்தில் 'யூசர்'.
பத்து விநாடி காத்திருந்து
எந்த வாசல் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரை
வரவே இல்லை.

ஒரு வாசல் கம்பெனிக்கு:
கம்பி அளவு, சிமென்ட் மூட்டை, ஓவர்டைம் தாள்.
அவை போனாலும் மெயிலில் கிடைக்கும்.
மற்றது ராத்திரி பத்துக்கு மேல் எனக்கு:
கேம்ப்பில் புழங்கும் சொற்களின் பட்டியல்.
முதீர், கலாஸ், பத்தாக்கா.
'மாஃபி' என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று
அதற்கே ஒன்றரைப் பக்கம்.
நாலு வருஷம். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று சொல்.
வேறெங்கும் நகல் வைக்கவில்லை.
திட்டுவதென்றால் இந்த வரிக்குத் திட்டுங்கள்.

வட்டைத் திறந்து பார்த்தேன்.
நடுவில் பெயரில்லாமல் ஒரு துண்டு,
நூற்றிருபது ஜிபி.
தொட்டதும் கேட்டது:
பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்,
செய்யட்டுமா?
அதற்கு வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.
வாசிக்கத் தெரியாததைக் காலி என்று
எவ்வளவு பணிவாகச் சொல்கிறது.
என் பத்தாக்காவில் தொழில்: சுமை தூக்குபவர்.
வரைபடம் போடத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது.
வேண்டாம் என்பதை
இரண்டு முறை அழுத்தினேன்.

பென்டிரைவ் இருதயத்திடம்தான் இருந்தது.
அதில் அவன் மகளின் புதுநன்மை வீடியோ.
"அழிச்சிட மாட்டியே?"
ஸபீரிடம் நான் கேட்காத கேள்வி.
முதலில் அதை என் போனுக்கு மாற்றினேன்,
முழுதாக ஓட்டிக் காட்டினேன்,
மெழுகுவத்தி பிடித்த கை நடுங்கும் இடம்வரை.
அப்புறம்தான் தந்தான்.
இறக்க இரண்டு ஜிபி டேட்டா, அதுவும் மாதக் கடைசி.

ஒரு ராத்திரி வாடகைக்கு வந்தவன் போல
பென்டிரைவிலிருந்து ஒரு லினக்ஸ் எழுந்தது.
என் பழைய பகுதியை ஏற்றச் சொன்னேன்.
ஏறியது.
கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன,
தமிழில், ஒரு புள்ளிகூடச் சிந்தாமல்.
உள்ளே யாரும் எதையும் தொடவில்லை.
வாசலை மட்டும் பூசி
வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மிச்ச வேலை ஒரு மணிவரை.
துவக்கப் பகுதியைத் தவறாகக் கொடுத்து ஒருமுறை,
ஒரு சாய்கோட்டை விட்டு ஒருமுறை.
இருதயம் போர்வைக்குள்ளிருந்து
"விடிஞ்சிருமா?" என்றான்.
மூன்றாவது தடவை:
நிறுவியாயிற்று, பிழை ஏதுமில்லை.
வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள், தேடு என்றேன்.
விண்டோஸ் இருக்கிறது என்றது.
ஸபீர் போட்டதையும் பட்டியலில்
இரண்டாவதாக எழுதிக்கொண்டது.
எனக்கு அந்தப் பெருந்தன்மை வர
இன்னும் இரண்டு நாள் ஆகும்.

கறுப்புத் திரை. பத்து. ஒன்பது.
ஏழு வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் நகல், போனில்,
புதுநன்மை வீடியோவுக்குப் பக்கத்தில்.
பிறகு ஒரு சொல் சேர்த்தேன்: ஃபார்மட்.
கேம்ப்பில் மொட்டையடிப்பதை அப்படிச் சொல்வார்கள்,
விசா கான்சலாகி ஊர் போனவனையும்.
மூன்றாவது பொருள் எழுதுவதற்குள்
நாலரை பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

மூடப் போகும்போதுதான் காதில் விழுந்தது.
விசிறி
அப்படியே இரைந்துகொண்டிருந்தது.