ஏழு மில்லிமீட்டர்

வியாழக்கிழமை இடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.
புதன் மதியமே போய்
நான்கு கதவுகளைக் கழற்றினேன்.

காப்பீட்டுக்காரன் பட்டியலில்
புகைக்கூண்டு இருந்தது, அடித்தளம் இருந்தது,
விரிசல் கண்ட ஒவ்வொரு சுவரும்
எண் போட்டு இருந்தது.
கதவுகள் என்று ஒரு வரி இல்லை.
பட்டியலில் இல்லாததை எடுத்தால் திருட்டில்லை என்று
நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.
இடிக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பையன்
சாண்ட்விச்சைக் கடித்தபடி
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சமையலறைக் கதவு. குளியலறைக் கதவு.
கடிதத் துளையுள்ள வாசல் கதவு.
லயல் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு
வானொலி கேட்கும் கொட்டகைக் கதவு.
எல்லாம் ரிமு மரம்.
பச்சைக்கு அடியில் பால்வெள்ளை,
அதற்கும் அடியில் யார் அடித்ததென்று தெரியாத
ஒரு வெட்கங்கெட்ட இளஞ்சிவப்பு.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அரைமணி தள்ளி
ரோல்ஸ்டனில் புது வீடு.
எதுவுமே கிறீச்சிடாத வீடு.
காரேஜில் ஒரு சுவர் சும்மா நின்றது.
பீச் பழ டின்கள், பெயிண்ட் டப்பாக்கள், கூடாரம்,
ஒன்பது நாளுக்குக் குடிதண்ணீர்
(இந்த ஊரில் யாரும் அதை அதிகம் என்பதில்லை),
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு அலமாரி.
கதவு இருக்கிறது,
இனி உடம்புதான் வேண்டும்.

மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒரு கதவுக்கும் நான்கு நேர்மூலை இல்லை.
சமையலறைக் கதவின் மேல்விளிம்பில்
ஏழு மில்லிமீட்டர் சரிவு.
கொட்டகைக் கதவில் பதினொன்று.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
ஒவ்வொரு அதிர்வுக்கும் பிறகு
நிலை ஒரு பக்கம் நெளியும்,
கதவு சிக்கும்,
லயல் இழைப்புளியோடு வருவான்.
சிக்கிய இடத்தைச் சீவுவான்.
மறுபடி அதிர்வு. மறுபடி சீவல்.
தரையெல்லாம் இளஞ்சிவப்புச் சுருள்கள்.
பதினெட்டு மாதம் அப்படிச் சீவியவன்
ஒருநாள் கதவு சுலபமாகத் திறந்ததும்
பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான்.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்பாளாம்.
எங்கள் தெருவில் ஆடியது தரை.
கூடம் கோணல்தான், சத்தியமாக.

பக்கத்து வீட்டு டாமிஹானா
ரசமட்டத்தோடு வந்தார்.
"என் ரம்பத்தைத் தருகிறேன், நைரி.
நாலே வெட்டு. எல்லாம் நேராகிவிடும்."
நேராகும், தெரியும்.
கதவு என்ன தப்பு செய்தது?
நிலை தவறியது வீடு;
கதவு விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சட்டத்தைக் கோணலாக அடித்தேன்.
மூன்று சனி ஞாயிறு, ஒரு கட்டைவிரல் நகம்.
முதல் தடவை கீலை இடம் மாற்றி அடித்து
வாசல் கதவு வயிற்றுக்குள் திறந்தது.
இடதுகால் குட்டை.
மேல்பலகை ஒரு தோளைத் தூக்கி
எனக்கென்ன தெரியும் என்றது.
தட்டுகள் மட்டும் சமம்:
டின்கள் உருளக் கூடாதே.

நவம்பரில் நான்கு கதவும் சிக்காமல் மூடின.
டாமிஹானா ரசமட்டத்தை மேலே வைத்தார்.
குமிழி மூலைக்குப் போய்
விருந்தாளி வந்த வீட்டுக் குழந்தை மாதிரி
ஒட்டிக்கொண்டு நின்றது.
அவர் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்தார்.

டிசம்பரில் லயலின் வாழ்த்து அட்டை.
முன்னால் கடற்கரை.
பின்னால் ஒற்றை வரி:
கதவுகளாவது மிஞ்சினவா?
அலமாரியின் கடிதத் துளையில் அதைப் போட்டேன்.
இருட்டில் ஒரு டின்மேல் விழுந்த சத்தம் கேட்டது.
பதில் எழுதவில்லை இன்னும்.

குளியலறைக் கதவின் தாழில்
நகக்கண் அளவு ஒரு ஜன்னல்.
பச்சை என்றால் காலி,
சிவப்பு என்றால் ஆள்.
அதை மட்டும் கழற்ற மனம் வரவில்லை.

வேலிக்குப் பெயிண்ட் கேட்டு வந்தார் டாமிஹானா.
நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று
காரேஜுக்கு அனுப்பினேன்.
வெகுநேரம் ஆளைக் காணோம்.
போய்ப் பார்த்தால்
அலமாரி முன்னால் கைகட்டி நிற்கிறார்.
ஜன்னலில் சிவப்பு.
"தட்டினேன்," என்றார்.